முருகைக்கல் வெளிறும் காலத்தில் சுழியோடுதல்

ஆசிரியர் அவர்களுக்கு,

சோளகக் காற்று ஓய்ந்து நவம்பரில் மேற்குக் கடல் தெளியத் தொடங்கியதும் கல்கிசையிலும் ஹிக்கடுவையிலும் கற்பிட்டியிலும் சுழியோடும் படகுகள் மறுபடி இறங்கும். மே பிறந்தால் அதே ஆட்களும் அதே சிலிண்டர்களும் நிலாவெளிக்குப் போய்விடுவார்கள். ஏப்ரல் வரை மேற்கு, மே முதல் ஒக்டோபர் வரை கிழக்கு என்ற இந்தக் கணக்கு காற்றையும் அலையையும் வைத்துப் போட்டது. நீரின் சூடு, ஆற்றுச் சேறு, அறுந்து கிடக்கும் வலை ஆகிய எதற்கும் அந்தக் கணக்கில் இடமில்லை. ஆனால் ஒரு சுழியோட்டம் ஆபத்தில்லாமல் முடியுமா, கீழே பார்ப்பதற்கு ஏதும் மிஞ்சியிருக்குமா என்பதை இன்று இவைதான் தீர்மானிக்கின்றன. அடுத்த பருவத்துக்கு முன் பயிற்சி நிலையங்களும் படகுக்காரர்களும் திணைக்களங்களும் மாற்றிக்கொள்ள வேண்டிய சில நடைமுறைகளை உங்கள் பத்திரிகை வாயிலாக முன்வைக்கிறேன்.

முதலில் சூடு. முருகைக்கல் என்னும் பவளம் உயிருள்ள விலங்கு. அதன் தசைக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்கு நிறத்தையும் உணவின் பெரும்பங்கையும் கொடுக்கிறது. ஓர் இடத்தில் ஆண்டின் மிகச் சூடான மாதத்துச் சராசரியைவிட நீர் 1 பாகை செல்சியஸ் கூடி, அது சில வாரம் நீடித்தால் முருகைக்கல் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். பிறகு தெரிவது வெள்ளை எலும்புக்கூடு. அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவா இதற்கு எளிய கணக்கு ஒன்று வைத்திருக்கிறது: கூடுதல் பாகையை வாரங்களால் பெருக்கிக் கூட்டிக்கொண்டு போவது. 1 பாகை கூடுதலாக 4 வாரம் நின்றால் 4. அந்த அளவில் வெளிறல் பரவலாகத் தெரியும். 2 பாகை கூடுதலாக 4 வாரம் நின்றால் 8. அங்கிருந்து சாவு தொடங்கும்.

1998இல் ஹிக்கடுவையிலும் கற்பிட்டியின் பார் ரீஃப் பகுதியிலும் ஆழங்குறைந்த முருகைப் பாறைகள் பெரும்பாலும் செத்துப்போனது இப்படித்தான். பார் ரீஃப் ஓரளவு தேறி எழுந்த வேளையில் 2016 வந்து மறுபடி சாய்த்தது. ஹிக்கடுவையில் செத்த இடத்தைப் பிடித்துக்கொண்டது ஹலிமேடா என்ற சுண்ணாம்புப் பாசி. 2023இல் தொடங்கிய வெப்பத்தை உலகளாவிய நான்காவது வெளிறல் என்று நோவா 2024 ஏப்ரலில் அறிவித்தது. உலகின் முருகைப் பாறைப் பரப்பில் 84 வீதம் அந்த வெப்பத்துக்கு உட்பட்டதாக 2025 ஏப்ரலில் கணக்குச் சொன்னார்கள்.

நம் கடல் உச்சச் சூட்டை எட்டுவது ஏப்ரல், மே மாதங்களில். சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக் கூட்டம் ஹிக்கடுவைத் தண்ணீரில் நிற்பதும், நிலாவெளியில் பருவம் திறப்பதும் அதே வாரங்களில்தான். முருகைக்கல் மிக நலிந்திருக்கும் நேரத்தில் அதன்மேல் விழும் கால்களின் எண்ணிக்கை மிகக் கூடுதலாக இருக்கிறது. வெளிறிய முருகைக்கல் செத்ததல்ல, பட்டினி கிடப்பது. நீர் குளிர்ந்தால் சில வாரங்களில் பாசி திரும்பிவர வாய்ப்புண்டு. அந்த வாரங்களில் ஒரு துடுப்புச் செருப்பு கிளப்பும் மண்ணை உதறித் தள்ளுவதற்குக்கூட அதனிடம் தெம்பு இருக்காது.

செத்த பாறையைக் காட்டிப் பணம் வாங்க எவருக்கும் மனம் வராது. ஆகவே வழிகாட்டிகள் விருந்தினரை இன்னும் ஆழத்துக்குக் கூட்டிப்போகிறார்கள். சுற்றாடல் கேடு பாதுகாப்புப் பிரச்சினையாக மாறும் இடம் இதுதான். கணக்கைப் பாருங்கள். இங்கே வழக்கமாகப் பாவிக்கும் 11.1 லீற்றர் அலுமினியச் சிலிண்டரை 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பினால் 2,220 லீற்றர் காற்று கிடைக்கும். 50 பாரைக் கைவைக்காத இருப்பாக ஒதுக்கினால் மிஞ்சுவது 1,665 லீற்றர். நிதானமாக மூச்செடுப்பவருக்கு மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லீற்றர் போதும். 10 மீற்றரில் அழுத்தம் இரட்டிப்பதால் அது 40 லீற்றராகும், 41 நிமிடம் இருக்கலாம். 30 மீற்றரில் நான்கு மடங்கு, நிமிடத்துக்கு 80 லீற்றர். அதே சிலிண்டர் 20 நிமிடத்தில் தீர்ந்துவிடும். இறங்கும் நேரத்தையும் ஏறும் நேரத்தையும் கழித்தால் கையில் நிற்பது பத்துப் பன்னிரண்டு நிமிடந்தான்.

ஆழத்தில் உடலுக்குள் கரையும் நைதரசனின் கணக்கும் இதேபோல் சுருங்குகிறது. சுழியோடிப் பயிற்சி அமைப்பான பாடியின் (PADI) அட்டவணைப்படி, ஏறும்போது அந்த நைதரசன் வெளியேற இடையிடையே கட்டாயமாக நிற்கத் தேவையில்லாமல் 18 மீற்றரில் 56 நிமிடம் இருக்கலாம். 30 மீற்றரில் 20, 40 மீற்றரில் 9. தொடக்கநிலைச் சான்றிதழ் 18 மீற்றருக்கு மட்டுமே உரியது. கல்கிசையிலிருந்து புறப்படும் ஒருநாள் விருந்தினர் பலரிடம் அந்தச் சான்றிதழ்தான் இருக்கும், அல்லது அதுவும் இருக்காது. ஆழங்குறைந்த முருகைப் பாறையை இழக்கும் நாடு, கற்றுக்கொள்ளும் வகுப்பறையையும் இழக்கிறது. இதைச் சுற்றுலாத் துறையினர் புரிந்துகொள்ள வேண்டும்.

மன்னாரிலும் முல்லைத்தீவிலும் யாழ்ப்பாணத்திலும் கடலட்டைக்கும் சங்குக்கும் குளிப்பவர்களைப் பிடித்திருப்பதும் இதே கணக்குத்தான். கரையோரத்தில் அட்டை குறையக் குறைய அவர்கள் ஆழத்துக்குப் போகிறார்கள். ஒரு நாளைக்குப் பல சிலிண்டர், நடுவே ஓய்வு குறைவு. வெளியேறாத நைதரசன் உடலுக்குள் குமிழியாகிவிடும். மூட்டில் குடைச்சல், தோலில் ஊசி குத்துவதுபோன்ற விறைப்பு, கால் சோர்வது, சிறுநீர் பிரியாமை என்று ஏதாவது தெரிந்தால் மறுபடி கடலுக்குள் இறங்கிச் சரிசெய்யப் பார்க்கும் பழக்கம் ஆளை முடமாக்கிவிடும். செய்ய வேண்டியது: ஆளை மல்லாக்கப் படுக்க வைத்து, முகமூடி வழியாகத் தூய ஒட்சிசன் கொடுத்தபடி, தாமதமில்லாமல் அழுத்த அறை உள்ள வைத்தியசாலைக்கு அனுப்புவது. ஒட்சிசன் பெட்டி இல்லாமல் எந்தச் சுழியோடும் படகும், மீன்பிடிப் படகாக இருந்தாலும், கரையை விட்டுப் புறப்படக்கூடாது.

சுழியோடிகளால் முருகைக்கல்லுக்கு நேரும் அடியில் பெரும்பகுதி கையால் தொடுவதால் வருவதல்ல. ஈயத்தால் வருகிறது. புதியவர் சீக்கிரம் அமிழ வேண்டும் என்று இடுப்புப் பட்டியில் இரண்டு மூன்று கிலோ கூடுதலாகக் கட்டிவிடுகிறார்கள். அவர் அமிழ்ந்ததும் பாரத்தை ஈடுசெய்யக் காற்றுச் சட்டைக்குள் காற்றை ஊதுகிறார். நெஞ்சில் காற்று, இடுப்பில் ஈயம். உடல் படுத்த நிலையில் நிற்காமல் கால் தாழ்ந்து சரிகிறது. ஒவ்வொரு உதையும் அடித்தளத்தை நோக்கியே போகும். அரை மீற்றர் ஏறினால் காற்று விரிந்து இன்னும் மேலே தூக்கும், இறங்கினால் சுருங்கி இன்னும் கீழே அமுக்கும். அப்போது பயந்து கையில் பிடிப்பது முருகைக்கல்லைத்தான்.

சரியான பாரத்தைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். சிலிண்டரில் 50 பார் அளவே இருக்கும் நிலையில், முழு உடையோடு, கால் எட்டாத தண்ணீரில் செங்குத்தாக நிற்க வேண்டும். சட்டையிலுள்ள காற்றை முழுவதும் விட்டுவிட்டு, சாதாரண மூச்சொன்றை இழுத்து நிறுத்தினால் நீர்மட்டம் கண்ணளவில் வர வேண்டும். மூச்சை விட்டால் மெல்ல அமிழ வேண்டும். கல்லைப்போல் இறங்கினால் ஒவ்வொரு கிலோவாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். நிறைந்த சிலிண்டரோடு பார்ப்பதானால் முடிவில் 2 கிலோ சேர்த்துக்கொள்ளலாம். 200 பார் காற்றின் எடை ஏறத்தாழ 2.7 கிலோ, அதில் 2 கிலோ 50 பாருக்கு வருவதற்குள் மூச்சாகப் போய்விடும் என்பதே காரணம். திரும்பும்போது 5 மீற்றரில் 3 நிமிடம் நிற்கும் வேளையில், சட்டையில் காற்றில்லாமல் அசையாது நிற்க முடிந்தால் பாரம் சரி. அப்போதும் கால் தாழ்ந்தால் பட்டியிலிருந்து ஒரு கிலோவை எடுத்துச் சிலிண்டரின் மேல்வாரில் கோத்துவிடலாம், உடல் நேராகும். தொங்கும் அழுத்தமானியையும், வாயில் வைத்து மூச்செடுக்கும் ரெகுலேட்டரில் உபரியாக உள்ளதையும் நெஞ்சுப்பக்க வளையத்தில் கொளுவிவிட வேண்டும். முருகைக் கிளைகளை முறிப்பதில் இந்த இரண்டுக்கும் பங்குண்டு.

முதற்தடவை இறங்குபவர்களை முருகைப் பாறைக்கு நேரே கொண்டுபோவதை நிறுத்த வேண்டும். மணற்தரைக்கு மேல் பத்து நிமிடம் மிதந்து காட்டியவரை மட்டும் பாறைப் பக்கம் விடுவது நியாயம். வெளிறல் வாரங்களில் அதுவும் வேண்டாம்.

சன்ஸ்கிரீன் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முருகைக்கல்லுக்குக் கேடு என்று ஒக்சிபென்சோன், ஒக்டினொக்சேட் கலந்தவற்றை ஹவாய் 2021 முதல் விற்கத் தடைசெய்திருக்கிறது. பசிபிக் தீவு நாடான பலாவு 2020இலேயே தடைசெய்தது. முழுக்கைச் சட்டையும் கழுத்துவரை மூடும் உடையும் போட்டால் பூச வேண்டிய இடமே முகமும் கைப்புறமும்தான்.

அடுத்தது கொழும்புக்கே உரிய தொல்லையான கலங்கல். களனி ஆறு நகரின் வடக்கு எல்லையில் கடலில் விழுகிறது. கொழும்பின் கழிவுநீர் வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் உள்ள நீண்ட குழாய்களால் கடலுக்குள் விடப்படுகிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளம் போன்றது மேற்குப் பருவம் திறக்கும் வாரத்திலேயே சேற்றையும் நகரத்துக் குப்பையையும் கடலில் கொட்டுகிறது. பெருமழைக்குப் பின் குறைந்தது 72 மணித்தியாலம் கரையோர இடங்களில் இறங்காதிருப்பது விவேகம். அதற்குள் இறங்குபவர்களுக்கு வருவது பெரும்பாலும் வெளிக்காதுத் தொற்று. காதுமடலை இழுத்தால், காதின் முன்குருத்தை அமுக்கினால் நோகும். நோவு தீரும்வரை தண்ணீர் கூடாது. ஒவ்வொரு சுழியோட்டத்துக்குப் பின்னும் நல்ல தண்ணீரால் காதைக் கழுவி, தலையைச் சாய்த்து வடியவிட்டாலே பாதித் தொல்லை தீரும். பஞ்சுக் குச்சியால் குடைவது காதின் மெழுகுக் காப்பைச் சுரண்டி நிலைமையைக் கெடுக்கும்.

கலங்கலில் ஆள் தவறுவது அதைவிடப் பெரிய ஆபத்து. ஐந்து மீற்றருக்கு மேல் தெரியாவிட்டால் ஒரு பயிற்றுநருக்கு இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். பகலானாலும் ஆளுக்கொரு டோர்ச் வேண்டும். துணை கண்ணிலிருந்து மறைந்தால் ஒரு நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு மேலே வருவது என்ற விதியைப் படகிலேயே சொல்லி, எல்லோர் வாயாலும் திருப்பிச் சொல்லவைக்க வேண்டும்.

2021 மே 20இல் தீப்பற்றி ஜூன் 2இல் மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் குறுமணிகளை நம் கடலில் சிந்தியது. மணல், நார், பிளாஸ்டிக் துணுக்கு எதுவாயினும் ரெகுலேட்டரின் வெளிமூச்சு வால்வில் சிக்கினால் மூச்சோடு தண்ணீரும் வரும். அது மெல்லிய சிலிக்கன் தட்டு, ஒரு மணல் போதும் அது சரியாகப் பொருந்தாமல் நிற்பதற்கு. படகிலேயே சோதிக்கலாம்: சிலிண்டரைத் திறக்குமுன் வாயில் வைத்து உறிஞ்சினால் காற்று வரக்கூடாது. வந்தால் வால்வு மூடவில்லை. நீருக்கடியில் ஈரமான மூச்சு வந்தால் பலமாக ஊதிப்பார்க்கவும், தீராவிட்டால் உபரி ரெகுலேட்டருக்கு மாறிச் சுழியோட்டத்தை அத்தோடு முடிக்கவும்.

வலைகளைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். கொழும்புக்கு வெளியே கிடக்கும் மூழ்கிய கப்பல்களெல்லாம் வலை பிடிக்கும் கொழுக்கிகள். மீன் அங்கே கூடுகிறது, மீனைத் தேடி வலை போகிறது, இரும்பில் சிக்கிய வலை அறுத்து விடப்படுகிறது. தடைசெய்யப்பட்ட தங்கூசி வலை (ஒற்றை நைலோன் இழை வலை) இன்னும் பாவனையில் இருக்கிறது. தண்ணீருக்குள் அது கண்ணுக்குத் தெரியாது. அது முதலில் பிடிப்பது சிலிண்டர் வால்வையும் துடுப்பின் வாரையும். பிடித்தது தெரிந்தவுடன் அசையாமல் நிற்க வேண்டும். திரும்பிப் பார்க்க முயன்றால் வலை உடலைச் சுற்றிக்கொள்ளும். வந்த வழியே ஒரு முழம் பின்னால் நகர்ந்து பார்க்கலாம், அதற்குமேல் துணையின் வேலை. துணை மேற்புறமாக வந்து, ஒரு பக்கத்து இழைகளை மட்டும் ஒவ்வொன்றாக வெட்டி, வெட்டிய முனை மறுபடி சுற்றாமல் தள்ளிப் பிடிக்க வேண்டும். காலில் கட்டிய பெரிய கத்தியால் இங்கே பயனில்லை. காலே வலைக்குள் இருக்கும். கொக்கிவாய் இழைவெட்டி ஒன்று நெஞ்சிலும், முதலுதவிக் கத்தரிக்கோல் ஒன்று சட்டைப் பையிலும், இரண்டும் எந்தக் கையாலும் எட்டும்படி இருக்க வேண்டும். 30 மீற்றரில் பதறி மூச்சு வாங்குபவர் நிமிடத்துக்கு 150 லீற்றருக்கு மேலும் இழுப்பார் என்பதை நினைவில் வைத்தால் இதன் அவசரம் விளங்கும்.

வலையை அகற்றும் சிரமதானங்கள் நல்ல நோக்கத்தோடு நடக்கின்றன. ஆனால் வலையைக் காற்றுச் சட்டையில் கட்டிச் சட்டையை ஊதி மேலே கொண்டுவருவது உயிராபத்து. பாதி வழியில் வலை நழுவினால் ஆள் குப்பியின் தக்கைபோல மேலே பாய்வார். அதற்கென்றே தூக்கும் பை இருக்கிறது. முதலில் வலையை முழுவதும் அறுத்து விடுவித்து, சுருட்டிக் கட்டிய பிறகே பைக்குக் காற்று, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. 20 மீற்றரில் ஊதிய 10 லீற்றர் மேலே வரும்போது 30 லீற்றராகும். அடிவாய் திறந்த பையானால் மிகுதி தானே வழிந்துவிடும். பை எழும்போது அதன் கீழோ கயிற்றுக்கு அருகிலோ ஆள் நிற்கக்கூடாது. பல ஆண்டு கிடந்து முருகைக்கல் படர்ந்துவிட்ட வலையை இழுத்துப் பிய்ப்பதைவிட, அசையும் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு ஒட்டியதை விட்டுவிடுவதே மேல்.

ஆழங்குறைந்த பாறைகள் போனால் கூட்டம் போய்ச் சேருமிடம் மூழ்கிய கப்பல்கள். 1917 பெப்ரவரியில் ஜேர்மனியின் வுல்ஃப் என்ற கப்பல் விதைத்த கண்ணிவெடிகளுக்கு இரையான வூஸ்டர்ஷயர், பெர்சியஸ் என்ற கப்பல்கள் நூறாண்டுக்கு மேலாகக் கொழும்புக் கடலில் துருவேறிக் கிடக்கின்றன. அவற்றின் தகடுகள் இன்று வெறும் தோல். உள்ளே புகுந்து விடும் மூச்சுக் குமிழிகள் கூரையில் தேங்கித் துருவை உதிர்க்கின்றன, உதிரும் துரு ஒரு நொடியில் வழியை மறைக்கிறது. வெளியே சுற்றிப் பார்ப்பதோடு நிற்பது நல்லது. மட்டக்களப்புக்கு அப்பால் 1942 ஏப்ரல் 9இல் மூழ்கிய பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் ஏறத்தாழ 53 மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோடலின் 40 மீற்றர் எல்லைக்கு அப்பாற்பட்டது அது. ஒற்றைச் சிலிண்டரோடு அங்கே ஆட்களை இறக்குவதை எந்தக் காரணத்தாலும் நியாயப்படுத்த முடியாது. அங்கே அழுத்தம் 6.3 மடங்கு, மூச்சுக்கு நிமிடத்துக்கு 126 லீற்றர்.

இனித் திணைக்களங்களுக்கு. ஹிக்கடுவையும் நிலாவெளிப் புறாத்தீவும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழுள்ள தேசியப் பூங்காக்கள். 2011இலும் 2016இலும் தாய்லாந்து வெளிறிய பாறைகளைச் சுழியோடிகளுக்கு மூடியது. நோவாவின் கணக்கு 4ஐத் தொட்டதும் இங்கும் குறித்த பகுதிகளை மூடும் விதி எழுத்தில் வேண்டும். ஆண்டுதோறும் யாரோ ஒருவர் கூட்டம் கூட்டித் தீர்மானிப்பதாக இருக்கக்கூடாது. சூட்டுக் கணக்கை அந்த நிறுவனம் நாள்தோறும் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. கடலடியில் நிலவரம் என்ன என்பதைச் சுழியோடிகளே எழுதித் தரலாம். குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் கோரல் வாட்ச் அட்டையில் நிறங்கள் 1 முதல் 6 வரை அடர்த்தி வாரியாக இருக்கும். அட்டையை முருகைக்கல்லுக்குப் பக்கத்தில், அதே வெளிச்சத்தில் பிடித்து, மிக வெளிறிய இடத்துக்கும் மிக அடர்ந்த இடத்துக்கும் ஒவ்வோர் எண் எழுத வேண்டும். ஓர் இடத்தில் 20 முருகைக்கற்கள் பார்த்தால் போதும். மணிக்கட்டில் கட்டும் சுழியோடிக் கணினி காட்டும் வெப்பம் ஒரு பாகைக்கு மேலும் பிசகும். ஆகையால் ஒரே கணினியை, ஒரே ஆழத்தில், ஐந்து நிமிடம் கழித்துப் படித்து எழுதினால்தான் வாரத்துக்கு வாரம் ஒப்பிடலாம். இவற்றைச் சேர்க்கும் பொறுப்பை நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனமான நாரா ஏற்க வேண்டும்.

கடைசியாக நங்கூரம். ஒரு படகு ஒரு காலையில் இரண்டு முறை நங்கூரம் எறிந்தால், சங்கிலி அரைத்த இடத்தில் பல ஆண்டு வளர்ச்சி போய்விடும். நங்கூரமின்றிப் படகைக் கட்டும் நிலைக்கட்டு மிதவை இதற்குத் தீர்வு. கடினமான பாறைத்தரையில் துளையிட்டு, 45 சென்ரிமீற்றர் நீளத் துருப்பிடிக்காத எஃகுக் கண்ணாணியை (தலையில் வளையமுள்ள ஆணியை)த் தண்ணீருக்கடியில் இறுகும் சீமெந்தால் பதித்து, அதிலிருந்து மிதக்கும் வகைக் கயிறு மேலே வர வேண்டும். மூழ்கும் கயிறானால் அலைக்குத் தளர்ந்து முருகைக்கல்லையே அறுக்கும். பதிப்பது ஒருநாள் வேலை. பிறகு கவனிப்பதில்தான் கோட்டை விடுகிறோம். கண்ணாணியும் கயிறும் உரசும் இடத்தில் தேய்வு தொடங்கும், கயிற்றில் படரும் கொட்டலசு இழையை அறுக்கும், கயிற்றை இணைக்கும் கொளுவியின் திருகு அலையில் தானே கழன்றுவிடும். கொளுவித் திருகைக் கம்பியால் கட்டி, மாதத்துக்கு ஒருமுறை கயிற்றைச் சுரண்டித் தடவிப் பார்த்து, பருவத்துக்கு ஒருமுறை கீழ்முனையை மாற்றுவதற்கு யார் பொறுப்பு, எந்தக் கட்டணத்திலிருந்து பணம் என்பது மிதவை போடும் அன்றே எழுதப்பட வேண்டும். புறாத்தீவின் நுழைவுக் கட்டணத்திலிருந்து அதற்கென ஒரு பங்கை ஒதுக்குமாறு திணைக்களத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
சுழியோடிப் பயிற்றுநர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.